ஆளுநரிடம் மனு கொடுத்தால் எங்கள் ஊர் வேளாண் மண்டலத்தில் சேர்ந்துவிடுமா?

லால்குடி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் விடை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 61. பெருவளை வாய்க்கால் பாசனத்தில் ஐந்து ஏக்கர் நஞ்சை, நெல்லும் வாழையும் சாகுபடி. அந்தப் பகுதி பாசன விவசாயிகள் சங்கம் ஒன்றின் செயலாளராகவும் இருக்கிறார்.

அவருடைய மனக்குறை 2020-ல் தொடங்குகிறது. காவிரி டெல்டாவை, எண்ணெய், எரிவாயுத் துரப்பணப் பணிகளைப் புதிதாகத் தொடங்க முடியாத பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்போவதாகச் சொன்னபோது திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்களின் டெல்டா பகுதிகளும் சேர்த்தே பேசப்பட்டன. சட்டம் வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் மட்டுமே அதில் இருந்தன. சில மாதங்களுக்கு முன் அவருடைய ஊர் வயல்களுக்குள் யாரோ சிலர் கருவிகளோடு வந்து அளந்திருக்கிறார்கள். கேட்டதற்கு 'ஆய்வு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டு, எந்த உத்தரவையும் காட்டாமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கமில்லை என்கிறார்.

இதையொட்டிச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. ஆளுநர் தஞ்சாவூருக்குப் பட்டமளிப்பு விழாவுக்கு வரும்போது அவரிடம் மனு கொடுப்பது. அதில் மூன்று கோரிக்கைகள் வைப்பது. விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து ஆளுநரே அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டும். மாநில அரசு இசையாவிட்டால் ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்க வேண்டும். காவிரியில் மாதாமாதம் வரவேண்டிய தண்ணீரைப் பெற்றுத்தரும்படி மத்திய அரசுக்கு அவர் உத்தரவிட வேண்டும். தீர்மானத்தைப் பற்றிக் கடிதக்காரரின் வீட்டுக்குள்ளேயே மூன்று கருத்துகள் இருக்கின்றன. "ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு" என்று அண்ணா கேட்டதைச் சொல்லி, இந்த மனுவே வீண் என்கிறார் மைத்துனர். சட்டசபையில் மசோதா நிறைவேறினால் போதும், மூன்று மாதத்தில் ஆளுநர் கையெழுத்திடாவிட்டால் அது தானாகச் சட்டமாகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்கிறான் சட்டக் கல்லூரியில் படிக்கும் மகன். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாததால் 2020-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது, அதில் சேர்ந்து என்ன பயன் என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கைவிரித்துவிட்டாராம். "யார் சொல்வது சரி ஐயா? மனுவைக் கொடுக்கலாமா, கூடாதா? நீதிமன்றத்துக்குப் போகலாமா?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள ஐயா,

மனு கொடுப்பதில் தடை ஏதுமில்லை. எந்தக் குடிமகனும் ஆளுநருக்கு மனு கொடுக்கலாம். ஆனால் உங்கள் தீர்மானத்தில் இப்போதிருக்கும் மூன்று கோரிக்கைகளோடு அதைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அந்த மூன்றும் ஆளுநரிடம் இல்லாத அதிகாரத்தைக் கேட்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை மீறிச் செயல்படும்படி இன்று நீங்களே ஓர் ஆளுநரை அழைத்தால், நாளை உங்கள் ஊரைச் சேர்க்கும் மசோதா அவருடைய மேசைக்குப் போகும்போது, "அமைச்சரவை அனுப்பியதை மதித்துக் கையெழுத்திடுங்கள்" என்று கேட்கும் தார்மிக உரிமையை இழந்துவிடுவீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு சட்டத்திருத்தம். அது பேரவையில் பிறந்து, ஆளுநரின் கையெழுத்தில் முடிய வேண்டிய ஒன்று.

ஆளுநரின் கையெழுத்து யாருடைய முடிவு?

உங்கள் எதிர்பார்ப்பு அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பதவியேற்கும்போது ஆளுநர் எடுக்கும் உறுதிமொழியில், அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்பதோடு அந்த மாநில மக்களின் பணிக்கும் நலனுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்றும் இருக்கிறது. மாநில அரசின் ஆணைகள் எல்லாமே அவர் பெயரில்தான் வெளிவருகின்றன. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் காலத்தில் கவர்னர்களுக்குத் தனிப் பொறுப்புகளும், அமைச்சர்களைக் கேளாமல் தன் முடிவுப்படி செயல்படும் அதிகாரமும் இருந்தன. கவர்னரிடம் முறையிட்டால் அமைச்சருக்கு மேலே போய்விடலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து நம் ஊர்களில் தங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் அந்த ஏற்பாட்டைத் தொடர விரும்பவில்லை. ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றுகூட முதலில் ஒரு யோசனை இருந்தது. மக்கள் வாக்கோடு வரும் ஆளுநரும் மக்கள் வாக்கோடு வரும் முதலமைச்சரும் மோதிக்கொண்டால் நிர்வாகம் என்னவாகும் என்ற கவலையால், 1949 மே மாத இறுதியில் அரசமைப்பு நிர்ணய சபை நியமன முறைக்கு மாறியது. ஆளுநர் நியமனம் பெற்று வருபவராக இருப்பது, அவர் அமைச்சரவைக்குப் போட்டியாக நிற்கக்கூடாது என்பதற்காகவே. பிரிவு 163, அமைச்சரவையின் உதவியோடும் ஆலோசனையோடும் அவர் செயல்பட வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகளைத் தவிர அந்த ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தும் என்று 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது. 2022 மே மாதம் பேரறிவாளன் வழக்கிலும், தண்டனைக் குறைப்பு பற்றிய அமைச்சரவைப் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றே உச்ச நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் உங்கள் மைத்துனர் சொல்வது சரியா? ஆளுநர் பதவியே வேண்டாம் என்பது ஓர் அரசியல் கோரிக்கை. அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் வழியே அதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்து 1971-ல் அறிக்கை தந்த ராஜமன்னார் குழுவும், 1988-ல் சர்க்காரியா ஆணையமும், 2010-ல் பூஞ்சி ஆணையமும் ஆளுநரை யார், எப்படி நியமிப்பது என்பதைப் பற்றி நிறையவே சொல்லியிருக்கின்றன. ஆனால் இன்றைய நிலையை விளக்கும் சொல்லாக அதை எடுத்துக்கொண்டால் தவறிவிடுவீர்கள். ஆளுநரின் கையெழுத்தோ, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி அங்கே கிடைக்கும் கையெழுத்தோ இல்லாமல் பேரவையின் எந்த மசோதாவும் சட்டமாகாது. உங்கள் காரியம் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவசரச் சட்டம் என்னும் கோரிக்கை

அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம் பிரிவு 213-ல் ஆளுநரின் பெயரில் எழுதப்பட்டிருப்பது உண்மை. சட்டமன்றம் கூடியிராத வேளையில், உடனடி நடவடிக்கை தேவை என்ற நிலையில், அமைச்சரவையின் ஆலோசனைப்படி அதை அவர் பயன்படுத்த வேண்டும். மன்றம் மீண்டும் கூடி ஆறு வாரங்களுக்குள் அது சட்டமாக மாறாவிட்டால் காலாவதியாகிவிடும். அமைச்சரவை கேட்காத அவசரச் சட்டத்தை ஆளுநர் தானாகப் பிறப்பிக்க இயலாது.

டெல்டாவின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. இரண்டையும் உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் மாவட்டக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றாமல் காக்க ஓர் அவசரச் சட்டம் வந்தது. கையெழுத்து ஆளுநருடையது, முடிவு ராஜாஜி அமைச்சரவையுடையது. பின்னர் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்ற பாதுகாப்பு நம் பகுதிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதே கருவி நமக்கு எதிராகவும் வந்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர இடைக்கால உத்தரவிட்டதும், அடுத்த மாதம் 25-ஆம் தேதி கர்நாடக ஆளுநர் அந்த மாநில அமைச்சரவையின் முடிவுப்படி ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்; நடுவர் மன்ற உத்தரவைச் செயலற்றதாக்குவதே அதன் நோக்கம். குடியரசுத் தலைவர் பிரிவு 143-ன்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அது அரசமைப்புக்கு முரணானது என்று அவ்வாண்டு நவம்பர் 22 அன்று நீதிமன்றம் சொன்னது. ஆளுநர் பெயரில் வந்துவிட்டதாலேயே ஒன்று நிலைத்துவிடாது என்பதை அப்போது நாமே கண்டோம்.

மூன்றாவது கோரிக்கையான தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுக்கு உத்தரவிடும் அதிகாரம் எந்த ஆளுநருக்கும் கிடையாது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்புக்குப் பின் 177.25 டி.எம்.சி. என்ற அளவும், காவிரி மேலாண்மை ஆணையமும் இருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் மாநில அரசின் வழியே ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டிய விஷயம் அது. உங்கள் மனுவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

ஆட்சிக் கலைப்பு: இதை எழுத்தில் வைக்கவே வேண்டாம்

ஒரு பகுதியை ஒரு சட்டத்தில் சேர்க்கவில்லை என்பது பிரிவு 356-க்கான காரணமாக ஒருநாளும் ஆகாது. மாநில நிர்வாகத்தை அரசமைப்பின்படி நடத்தவே முடியாத நிலை என்பதே அந்தப் பிரிவின் அளவுகோல். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே என்றும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இந்தப் பிரிவின் வலி தெரியும். 1976 ஜனவரி 31-ல் ஓர் ஆட்சி போனது. 1991 ஜனவரி இறுதியில் மற்றொன்று போனது. இந்த இரண்டாவது கலைப்பின்போது ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்குப் பரிந்துரை அறிக்கை தர மறுத்தார். பிரிவில் உள்ள 'அல்லது வேறு வகையில்' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, ஆளுநர் அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். பிறகு அவரை பீகாருக்கு மாற்றினார்கள்; அவர் பதவி விலகினார். தனக்கு நியமனம் தந்தவர்களின் விருப்பத்தைவிடத் தன் உறுதிமொழியைப் பெரிதாகக் கொண்ட அந்த முடிவை நான் மிக மதிக்கிறேன். ஆளுநர் மத்திய அரசின் ஊழியரல்லர், அதன் கட்டுப்பாட்டில் இருப்பவருமல்லர் என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் ரகுகுல் திலக் வழக்கில் சொல்லியிருந்தது. ஆயினும் குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில்தான் அவர் பதவியில் இருக்கிறார் என்ற பிரிவு 156 அவர் தலைமேல் எப்போதும் நிற்கிறது. எல்லாரும் பர்னாலா ஆகிவிட முடியாததற்கு அதுவே முதல் காரணம்.

மூன்று மாதக் கெடு இப்போது இல்லை

உங்கள் மகன் சொன்னதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. அதன் பிறகு நடந்ததை அவர் கவனிக்கவில்லை. படிக்கும் பிள்ளை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பேரவையில் நிறைவேறிய மசோதா வந்ததும் ஆளுநர் என்ன செய்யலாம் என்று பிரிவு 200 சொல்கிறது. ஒப்புதல் தரலாம்; ஒப்புதலை நிறுத்திவைக்கலாம்; குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கி அனுப்பலாம். பண மசோதா அல்லாதவற்றை மறுபரிசீலனைக்காக, தன் கருத்துகளோடு, இயன்ற அளவு விரைவில் திருப்பி அனுப்பலாம். திருத்தத்தோடோ திருத்தமில்லாமலோ பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. எத்தனை நாளுக்குள் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் ஆண்டுக்கணக்கில் மசோதாக்கள் படுத்துக்கிடந்தன.

தமிழ்நாட்டு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிலுவையிலிருந்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வகுத்தது. உங்கள் மகன் படித்தது இதுதான். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி, பிரிவு 143-ன்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரை தந்தது. நீதிமன்றம் ஆளுநருக்குக் கெடு வகுக்க முடியாது. கெடு தாண்டியதால் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதவும் முடியாது. ஒப்புதல் தருவது, திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவது என்ற மூன்றில் எதைத் தேர்வது என்பதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு. அதில் அமைச்சரவையின் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது என்பவை அதன் ஒரு பக்கம். மறுபக்கத்தில், மசோதாவைத் திருப்பியும் அனுப்பாமல் ஒப்புதலை மட்டும் நிறுத்திவைத்து அதைச் சாகடிக்க முடியாது என்றும், காரணமில்லாமல் நீண்ட காலம் எதுவுமே செய்யாமல் இருந்தால், மசோதாவின் நன்மை தீமைக்குள் போகாமல் ஒரு நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் அதே கருத்துரை சொல்கிறது.

கருத்துரை என்பது தீர்ப்பல்ல என்று மகன் வாதிடக்கூடும். ஐந்து நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னதை எந்த உயர் நீதிமன்றமும் ஒதுக்கிவிடாது. ஆகவே, 'மூன்று மாதத்தில் தானாகச் சட்டமாகும்' என்ற நம்பிக்கையில் உங்கள் சங்கம் எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

இந்த நிலை எனக்கு மனநிறைவு தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பூஞ்சி ஆணையம் ஆளுநர் முடிவெடுக்க ஆறு மாதம் போதும் என்று பரிந்துரைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வாக்களித்து அனுப்பிய ஒரு மசோதாவின் காலத்தை, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரின் விருப்புரிமையில் விடுவது கூட்டாட்சிக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. எந்தக் கட்சி எங்கே ஆண்டாலும் என் கருத்து இதுவே. ஆனால் நான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டியது இன்றைய சட்டத்தை வைத்துத்தான்.

இரண்டு அனுபவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வேளாண் மண்டல மசோதா 2020 பிப்ரவரி 20-ல் பேரவையில் நிறைவேறி, அந்த மாதத்திலேயே ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு வாரத்தில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் அரசியலுக்கும் பங்குண்டு. ஆனால் சட்ட வேறுபாடும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாவிட்டால் செல்லாதா?

கல்வி, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதில் மத்திய சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்க வேண்டுமானால், பிரிவு 254(2)-ன்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நீட் மசோதா அந்த வழியே போக நேர்ந்தது அதனால்தான். வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆவது பதிவு, நீர் 17, நிலம் 18. மாநிலப் பட்டியலுக்குள் நிற்கும் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் போதும். எனவே, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 2020-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் சொன்னது சரியன்று.

அவர் வேறொரு கவலையை மனத்தில் வைத்து அப்படிச் சொல்லியிருக்கலாம். அந்தக் கவலை நியாயமானதே. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளங்களும் மத்தியப் பட்டியலின் 53-ஆவது பதிவில் இருக்கின்றன. இயற்கை எரிவாயுவும் அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கும், மாநிலங்கள் அதன்மேல் சட்டம் இயற்ற முடியாது என்று 2004-ல் குஜராத் சட்டம் ஒன்றைப் பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் சட்டமோ, மண்டலத்துக்குள் எண்ணெய், எரிவாயுத் துரப்பணப் பணிகளைப் புதிதாகத் தொடங்குவதைத் தடுக்கிறது. ஒருநாள் யாராவது இதை எதிர்த்து வழக்காடினால், 'இது எரிவாயுவைப் பற்றிய சட்டம்' என்று ஒரு தரப்பும், 'இது விளைநிலத்தைப் பற்றிய சட்டம். எரிவாயு இதில் வழியில் வருகிறது' என்று மறுதரப்பும் வாதிடும். சட்டத்தின் சாரம் எது என்று நீதிமன்றம் பார்க்கும். நிலப் பயன்பாடும் வேளாண்மையுமே சாரம் என்ற வாதம் வலுவானது என்று நான் நம்புகிறேன். ஆனால் மத்தியப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டதாக நீதிமன்றம் கருதினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்திருந்தாலும் அது காப்பாற்றியிருக்காது. பிரிவு 254(2) பொதுப் பட்டியலுக்கு மட்டுமே பயன்படும்.

ஆகவே, சட்டத்திருத்தம் கேட்கும்போது புதிய தடைகளைச் சேர்க்கும்படி கேட்காதீர்கள். அட்டவணையில் இன்னின்ன ஒன்றியங்கள் சேர்க்கப்பட வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருத்தம் எவ்வளவு சிறியதோ, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி அனுப்ப அவ்வளவு குறைவான காரணம் கிடைக்கும். 2023-ல் மயிலாடுதுறை மாவட்டம் இப்படித் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்டதை முன்னுதாரணமாகக் காட்டலாம். அது முழுவதும் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சட்டம் வந்தபோது மயிலாடுதுறை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் இருந்தது, மாவட்டம் பிரிந்ததால் பெயரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. உங்களுடையது புதிய நிலப்பரப்பு. எனவே கூடுதல் சான்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

இனிச் செய்ய வேண்டியவை

தீர்மானத்தைத் திருத்தி எழுதுங்கள். முதன்மை மனு முதலமைச்சருக்கும் வேளாண்மை அமைச்சருக்கும் போகட்டும். இந்த மண்டலத்துக்கான ஆணையத்தின் தலைவரே முதலமைச்சர்தான். நகல்கள் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும், பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் செல்லட்டும். ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். உங்கள் ஊரில் மட்டுமல்லாமல் பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால் பாசனத்தில் உள்ள மற்ற ஊராட்சிகளிலும் அதே வாசகத்தில் நிறைவேறினால் அதன் எடை கூடும். மனுவோடு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து அடங்கல் நகல்களையும், நீர்வளத் துறையிடமிருந்து ஆயக்கட்டு விவரங்களையும் இணையுங்கள். காவிரித் தண்ணீர் முதலில் பாயும் நிலமும் கடைமடை நிலமும் ஒரே ஆற்றின் பாசனம்தான் என்பதை அந்தக் காகிதங்கள் காட்ட வேண்டும்.

ஆளுநரிடம் கொடுக்கும் மனுவைத் தனியாக, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதில் இரண்டு வேண்டுகோள் போதும். விடுபட்ட பகுதிகளைப் பற்றிய விவரத்தை முதலமைச்சரிடம் கேட்டுப் பெறலாம் என்று பிரிவு 167 ஆளுநருக்கு வழி தருகிறது; அதைப் பயன்படுத்தும்படி கேளுங்கள். திருத்த மசோதா வந்தால் காலம் தாழ்த்தாமல் முடிவெடுக்கும்படி கேளுங்கள். அவர் அதிகாரத்துக்குள் நிற்கும் மனு என்பதால் அதை யாரும் குறைசொல்ல முடியாது. மனு பெரும்பாலும் உரிய துறைக்கே அனுப்பிவைக்கப்படும்; அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திருச்சி மாவட்டத்தவர் என்பதால் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டும். சட்டம் இயற்று என்று சட்டமன்றத்துக்கு எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. எங்களை விட்டது பாரபட்சம் என்று பிரிவு 14-ன்கீழ் வாதிடலாம். எந்தப் பகுதியை முதலில் சேர்ப்பது என்பதில் சட்டமன்றத்துக்கு நீதிமன்றங்கள் நிறைய இடம் கொடுக்கும் என்பதால், வெற்றி வாய்ப்பு குறைவு என்றே சொல்வேன். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி ஆணை கேட்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. பொறுமை வேண்டும். காவிரிக்கு நடுவர் மன்றம் வேண்டும் என்று டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990 மே 4-ல் ஆணை கிடைத்து, ஜூன் 2-ல் மன்றம் அமைந்தது. சாதாரண விவசாயிகள் தொடங்கிய வழக்கு அது.

அதேபோல, 2023-ல் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு சேத்தியாத்தோப்புப் பகுதியும் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, விவசாயிகளின் எதிர்ப்பும் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதமும் சேர்ந்து, சில நாள்களில் மத்திய அமைச்சகம் அவற்றை நீக்கியது. மைக்கேல்பட்டி உங்களைப் போலவே மண்டலத்துக்கு வெளியே இருந்த ஊர்தான்.

கடைசியாக, வயலுக்குள் வந்து அளந்தவர்களைப் பற்றி. இது மண்டலத்தில் சேர்வதற்காகக் காத்திருக்க வேண்டிய விஷயமே அல்ல. பட்டா நிலத்துக்குள் உங்கள் சம்மதமோ சட்டப்படியான அதிகாரமோ இல்லாமல் யாரும் நுழைய முடியாது. அடுத்த முறை வந்தால் அவர்கள் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறார்கள், எந்த ஆணையின்படி என்பதை எழுத்தில் கேளுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். முன்பு நடந்ததைத் தேதியோடு எழுதி வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் இப்போதே கொடுங்கள். உங்கள் ஊர் புல எண்களில் யாருக்காவது ஆய்வு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். குழாய் பதிப்பதற்கான அறிவிப்பு என்று தெரியவந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். பெட்ரோலியக் குழாய் பதிப்பது பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிப்பு வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபனை தெரிவித்தாக வேண்டும்.